மோந்தாயம் இல்லாத சந்தை

எல்லைப் போராட்டம் நடந்த அந்த வருஷங்களில் எனக்கு இருந்த ஒரே போராட்டம் கல்யாணம். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். தெற்கே ஜெயிலுக்குப் போனவர்கள் உண்டு, உயிரை விட்டவர்களும் உண்டு. அவர்களைப் பார்த்து நான் ஒருநாளும் சிரித்ததில்லை. நான் சிரித்ததெல்லாம் எங்கள் பஞ்சாயத்து மெம்பர்களைப் பார்த்துத்தான். அவர்களைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்கும் பக்குவம் எனக்கு அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே, பஸ்காரனுக்கு மனமிருந்தால் மட்டும் பஸ் நிற்கும் ஓர் ஊர். அங்கே பஞ்சாயத்து ஆபீசில் நான் கிளார்க். காஞ்சிரங்குளத்துக்குக் கீழே கடற்கரையில் பிறந்தவன். வீட்டில் எல்லோரும் வலையைப் பிடிக்க, நான் ஒருத்தன் மட்டும் பேனாவைப் பிடித்தேன். ஆபீஸ் என்றால் சாயக்கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறை. நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். உள்ளே மெம்பர்கள் பேசுவது கடைக்குக் கேட்கும்; கடையில் அதற்குச் சொல்லும் பதில் எங்களுக்குக் கேட்கும்.

தலைவரையும் சேர்த்து மெம்பர்கள் ஏழு பேர். மூன்று பேருக்கு ஊர் சென்னை ராஜ்யத்தோடு சேர வேண்டும். மூன்று பேருக்கு அது மலையாளப் பக்கம் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். சாயக்கடையில் இவர்களுக்கு 'போகணும் கட்சி', 'இருக்கணும் கட்சி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஏழாவது ஆள் சந்தை வார்டு மெம்பர், எண்ணெய்ச் செக்கு வைத்திருந்தவர். அவர் எந்தக் கட்சி என்று தெரிய வேண்டுமானால், எந்தத் திசையிலிருந்து வந்த பஸ்ஸில் இறங்கினார் என்று பார்க்க வேண்டும். பாறசாலையில் கூட்டம் பேசிவிட்டு வந்த அன்று தாய்த் தமிழகம் என்று கண் கலங்குவார். மறுநாள் நெய்யாற்றின்கரைக்குப் போய்வந்தால் மலையாளத்தில் கலங்குவார். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பார்கள். இவருக்கு இரண்டிலும் செருப்பு நனையாது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், கெட்ட மனுஷன் இல்லை. யாரைக் கண்டாலும் “சாப்பிட்டாச்சா மக்கா?” என்றுதான் ஆரம்பிப்பார்.

அந்த வருஷ பட்ஜெட்டில் ஒரு நல்ல காரியம் இருந்தது. மீன் சந்தைக்குக் கூரை போடுவது. கடற்கரையிலிருந்து மீன் நிறைந்த கடவப்பெட்டியைத் தலையில் சுமந்து நடந்து வரும் பெண்கள் வெயிலிலும் மழையிலும் வெட்டவெளியில்தான் இருந்து விற்றார்கள். தினமும் சந்தைத் தீர்வை மட்டும் தவறாமல் வாங்கிக்கொள்வோம். கூரைக்குப் பணமும் ஒதுக்கியாயிற்று. செலவழிக்கத்தான் மனம் வரவில்லை.

“நாளைக்கு ஊரு அங்கோட்டு போனா அவியளே கல்லுல கெட்டித் தருவினும். இப்ப ஓலய வச்சு என்னத்துக்குப் பைசாவக் களையணும்?” என்றது போகணும் கட்சி.

“ஊரு அங்கோட்டு போனா நாம கெட்டின கூரையும் கூடப் போவும். அவியளுக்கு நாம எதுக்குக் கெட்டிக் குடுக்கணும்?” என்றது இருக்கணும் கட்சி.

காரணம் நேர் எதிர், காரியம் ஒன்றே. இரண்டு பேர் பேச்சின்படியும் கூரை இல்லை. கடைசியில் சந்தை மெம்பர் எழுந்தார். அன்றைக்கு அவர் பஸ்ஸில் வரவில்லை, செக்கிலிருந்து நடந்து வந்திருந்தார்.

“தெக்குப் பாதிய நீங்க கெட்டுங்க, வடக்குப் பாதிய அவியள் கெட்டட்டு. நான் ரெண்டுக்கும் கை பொக்கி ஓட்டு போடுதேன்.”

இரண்டு தரப்பும் சம்மதித்தது. போகணும் கட்சியின் தெற்குப் பாதிக்குப் பனையோலை, இருக்கணும் கட்சியின் வடக்குப் பாதிக்குத் தென்னோலை என்று முடிவாயிற்று. தனித்தனித் தூண், தனித்தனி ஆசாரி. எல்லாம் சரி, மோந்தாயம் யார் கணக்கு என்ற கேள்வி வந்தது. இரண்டு சரிவும் மேலே வந்து சேருகிற இடத்தில் படுக்க வைக்கிற முகட்டு மரத்துக்கு எங்கள் பக்கத்தில் மோந்தாயம் என்று பெயர். அது வடக்குச் சரிவின் தலை என்றார்கள் தெற்கே. தெற்குச் சரிவின் தலை என்றார்கள் வடக்கே. ஒரு மத்தியானம் முழுக்க இதே பேச்சு.

“எலே, தல எங்களுக்கு வேண்டாம்ணு ரெண்டு பக்கமும் சொல்லுத கூட்டம் இது ஒண்ணாக்கும்!” என்று பலகைச் சுவருக்கு அப்பாலிருந்து சத்தம் வந்தது.

மோந்தாயத்தை விட்டுவிட்டுத் தீர்மானம் நிறைவேறியது. நானே எழுதினேன். கூரை உயர்ந்தபோது அது ஒரு கூரையாக இல்லை. எதிரும் புதிருமாக நிமிர்ந்து நிற்கும் இரண்டு சாய்ப்புகள். நடுவே தெற்கிலும் சேராமல் வடக்கிலும் சேராமல் ஒரு கை அகலத்துக்கு வானம். காலையில் ஒரு திறப்பு விழா தமிழில், சாயங்காலம் ஒரு திறப்பு விழா மலையாளத்தில். சந்தை மெம்பர் இரண்டிலும் மாலை வாங்கிக்கொண்டார்.

பிறகு வைகாசி நடுவில் இடவப்பாதி மழை தொடங்கியது. கூரை பரவாயில்லை. பனையோலைக்குக் கீழே இருந்தவர்கள் நனையவில்லை, தென்னோலைக்குக் கீழே இருந்தவர்களும் நனையவில்லை. இரண்டு சரிவுக்கும் நடுவிலிருந்த அந்த வானத்துக்கு நேர் கீழே மட்டும் ஒரே ஒருத்தி இருந்தாள். அத்தனை பெரிய சந்தையில் மழை அவள் தலையில்தான் பெய்தது.

நான் கல்யாணம் செய்ய நினைத்திருந்த பெண்ணின் அம்மா அவள்.

பெண்ணைக் கோயில் திருநாளில் பார்த்திருக்கிறேன். வீட்டில் கயிறு முறுக்குவது அவள் வேலை. அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாமலே மனசுக்குள் ஒரு குடித்தனம் நடத்தி முடித்திருந்தேன். சர்க்கார் சம்பளம் மாதிரி ஒரு சம்பளம், வெள்ளை வேட்டி, மறுப்பார்களா என்ற திமிரில் பெண் கேட்க எங்கள் சர்ச் உபதேசியாரை அனுப்பினேன். அவர் திரும்பி வந்தபோது முகத்தில் சிரிப்பை அடக்க முடியாமல் இருந்தது.

“கூரைக்கு ஒரு கம்பு வைக்கத் தெரியாத ஆபீசுல இருக்குதவன் எனக்க மோளுக்கு வீடு வச்சிக் குடுப்பானாண்ணு கேக்குதா. முதல்ல எனக்க தலைக்கு மேல உள்ள மழைய நிப்பாட்டட்டு, பெறவு கல்யாணம் பேசலாமாம்.”

நான் அன்றைக்கே சந்தைக்குப் போனேன். மழை விடவில்லை. மாமி என்று கூப்பிடலாமா கூடாதா என்று தெரியாமலே கூப்பிட்டுவிட்டேன். தலையில் கவிழ்க்க வேண்டிய ஓலைத் தொப்பியை அவள் சாளை மீனின்மேல் கவிழ்த்திருந்தாள்.

“மாமி, கொஞ்சம் தள்ளி இருந்தா என்ன?”

“நான் தள்ளி இருந்தா மீன் வாங்க வாற ஆளும் தள்ளி வருமா? இது எனக்க அம்மை இருந்த எடமாக்கும். நான் எணீச்சா நாளைக்கு இன்னொருத்தி இருப்பா.” முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டாள். “மோந்தாயம் வளைஞ்சா அறுபத்தி நாலு கழுக்கோல் கம்பும் வளையும்ணு கேட்டிருக்கேன். மோந்தாயமே இல்லாத பஞ்சாயத்த இப்பத்தான் காணுதேன். நீ அங்க என்னத்தைத்தான் எழுதுத, மக்கா?”

நேரே பஞ்சாயத்துத் தலைவரிடம் போனேன், அடுத்த பட்ஜெட்டில் பார்க்கலாம் என்றார். அப்பாவின் கட்டுமரத்திலிருந்து கழற்றிப் போட்டிருந்த பழைய பாயைக் கொண்டுவந்து இடைவெளியின்மேல் நானே கட்டினேன். இரண்டு நாள் நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் போகணும் கட்சி கவனித்துவிட்டது. பாயின் கயிறு அவர்கள் தூணில் கட்டியிருந்ததாம். அதற்குள் இருக்கணும் கட்சியும் ஓடிவந்து, பாயின் விளிம்பு அவர்கள் ஓலைமேல் கிடக்கிறது என்றது. இது ஆக்கிரமிப்பு என்று இரண்டு தரப்பும் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. அந்த வருஷத்தில் ஒரு தகராறும் இல்லாமல் அவர்கள் ஒருமனதாகச் செய்த முதல் காரியம் அதுதான். அந்தத் தீர்மானத்தையும் நானே எழுதினேன், பாயையும் நானே அவிழ்த்தேன். ஆத்திரம் வந்தது. கிளார்க்கின் ஆத்திரம் மை காயும் முன்பே அடங்கிவிட வேண்டும், அடக்கிக்கொண்டேன்.

மழைக்காலம் பாதி கழிந்தபோது, எல்லையைப் பற்றிய முடிவு சீக்கிரம் வந்துவிடும் என்று பேச்சு அடிபட்டது. எந்தப் பக்கம் என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. மற்ற ஆறு பேருக்கும் ஆசை ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். சந்தை மெம்பருக்கு இரண்டு பக்கமும் பயம்தான். ஒருநாள் ஆபீசில் நான் தனியாக இருக்கும்போது வந்து, கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

“சாப்பிட்டாச்சா மக்கா?”

“ஆச்சு.”

“எனக்கு ரெண்டு பிரசங்கம் எழுதித் தரணும். ஒண்ணு தமிழ், ஒண்ணு மலையாளம். முடிவு வாற அண்ணைக்கு எது வேணுமோ அத எடுத்துப் படிச்சுடலாம் பாரு.”

சிரிப்பு வந்தது. அதோடு, சத்தியமாகச் சொல்கிறேன், அவர்மேல் ஒரு மரியாதையும் வந்தது. மற்றவர்கள் ஒளித்துச் செய்வதை இந்த மனுஷன் கிளார்க்கிடம் வாய்விட்டுக் கேட்கிறாரே. பேனாவை எடுத்தேன். “நீங்க செய்த காரியம்ணு என்னத்த எழுதட்டும்?” என்றேன்.

“கூரை.”

“தெக்குப் பாதி அவியளுக்கது. வடக்குப் பாதி இவியளுக்கது. அத நம்மதுண்ணு எழுதினா ரெண்டு கூட்டமும் சேந்து அடிக்க வரும்.”

அவர் முகம் வாடிவிட்டது. அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. பேனாவைக் கீழே வைத்தேன்.

“ஒரு சாமானம் மட்டும் ஆருக்கும் சொந்தமில்லாம கிடக்கு அண்ணாச்சி. மோந்தாயம். அத நீங்க வச்சா, ஊரு எங்க போனாலும் அது உங்களுக்கதாக்கும். தமிழ்ல எழுதும்போ, பிரிஞ்சு கிடந்தத இணைச்சவருண்ணு எழுதலாம். மலையாளத்துல எழுதும்போ, ஒண்ணாயிருந்தத பிரிய விடாதவருண்ணு எழுதலாம். மரம் ஒண்ணுதான்.”

“எலே, நீ ஏன் எலக்சனுக்கு நிக்கல்ல?” என்றார்.

அடுத்த கூட்டத்தில் அவர் போகணும் கட்சிக்காரர்களிடம் இணைப்பைப் பற்றிப் பேசினார், இருக்கணும் கட்சிக்காரர்களிடம் ஒற்றுமையைப் பற்றிப் பேசினார். நான் எழுதிக்கொடுத்த அதே வார்த்தைகள். இணைப்பு என்று சொல்லும் மரத்தை ஒரு தரப்பு எதிர்க்க முடியுமா? பிரிய விடாத மரத்தை இன்னொரு தரப்புதான் எதிர்க்க முடியுமா? பட்ஜெட்டில் எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று மட்டும் கொஞ்சம் முறுக்கினார்கள். பனைமரமா தென்னைமரமா என்றும் ஒரு தகராறு கிளம்பப் பார்த்தது. சந்தை மெம்பர் தன் விளைத் தோட்டத்தில் நின்ற அயினி மரத்தை வெட்டித் தருவதாகச் சொல்லி அதன் வாயை அடைத்தார். ஏழு கையும் உயர்ந்தது. சாயக்கடையிலிருந்து ஒருத்தர் விசிலடித்தார்.

ஐப்பசியின் துலா மழைக்கு முன்னால் மோந்தாயம் ஏறிவிட்டது. ஓலையும் வேய்ந்தாயிற்று. முடிவும் வந்தது. எங்கள் ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது. தெற்கே உள்ள கல்குளமும் விளவங்கோடும் சென்னை ராஜ்யத்துக்குப் போயின. போகணும் கட்சிக்காரர் ஒருவர் அன்று என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து அழுதார். நான் ஒரு சாயா வாங்கிக் கொடுத்தேன். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

சந்தை மெம்பர் மட்டும் மறுநாள் சாயங்காலமே சந்தையில் கூட்டம் வைத்தார். பேசத் தொடங்கியதும் இடி இடித்து மழை பிடித்தது. ஆள் எல்லாம் கூரைக்குக் கீழே அடைந்தார்கள். அவர் சட்டையின் இரண்டு பையிலும் இரண்டு பிரசங்கம். பதற்றத்தில் தமிழ்ப் பையில் கை போய்விட்டது. “பிரிஞ்சு கிடந்ததை இணைத்தவன் நான்” என்று முழங்கிய பிறகுதான் முழித்தார். சட்டென்று மற்ற காகிதத்தை உருவி, நடு வாக்கியத்திலிருந்து மலையாளத்தில் தொடர்ந்தார். வேறு ஊராக இருந்தால் மானம் போயிருக்கும். எங்கள் பக்கத்தில் எல்லோருமே அப்படித்தான் பேசுவார்கள். தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிப்போம். ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கைதட்டினார்கள்.

நான் கைதட்டவில்லை. மாமியைப் பார்க்கக் கூட்டத்துக்குள் இடித்து நுழைந்தேன். அவள் தன் இடத்தில் உட்கார்ந்து அயிலை மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். தலை காய்ந்திருந்தது. பக்கத்தில் மகள் நின்றாள், அன்றைக்குப் பெட்டி சுமக்க வந்திருக்கிறாள். ஒரு கையை நீட்டி, உள்ளங்கையை மேலே காட்டி, மோந்தாயத்துக்கு நேர் கீழே பிடித்திருந்தாள். மழை கூரைமேல் சளசளவென்று அடித்தது. அந்தக் கை காய்ந்தேதான் இருந்தது. என்னைப் பார்த்தும் அவள் கையை எடுக்கவில்லை.

ஏதாவது பேச வேண்டுமே என்று, “அம்மைக்க நிபந்தனைய நிறைவேத்தியாச்சு” என்றேன்.

“அம்மைக்கு உங்கள அப்பவே பிடிச்சிருந்தது” என்றாள். “மாட்டேன்னது நானாக்கும். எனக்க அம்மை நனையும்போ நனையாம இருக்குத ஆபீசுக்க ஆளு எனக்கு வேண்டாம்ணு நான்தான் அம்மைய விட்டுச் சொல்ல வச்சேன்.”

ஒரு மழைக்காலம் முழுக்க நான் மாமிக்குப் பயந்து ஓடியிருக்கிறேன். இப்போது வந்தது வெட்கமா சந்தோஷமா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

“அப்ப இப்ப?” என்றேன்.

அவள் இன்னும் கொஞ்ச நேரம் கையை அப்படியே பிடித்திருந்தாள். பிறகு அதை முந்தானையில் துடைத்துக்கொண்டாள், துடைக்க அதில் ஒன்றும் இல்லாவிட்டாலும்.

“இப்ப சொட்டல்லியே” என்றாள்.