இரண்டாம் எண்

மூன்று வருடங்களுக்கு முன்பு, நல்ல மழைக்காலத்தில், புனே ஹடப்சரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில் நடந்தது இது. ஒருநாள் காலை லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில் குடியிருப்போர் சொசைட்டி கமிட்டியின் முத்திரையோடு ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். வீட்டு வேலைக்கு வருபவர்கள் இனி இந்த லிஃப்ட்டில் ஏறக் கூடாது, சாமான் ஏற்றும் லிஃப்ட்டில்தான் போக வேண்டும். அவ்வளவுதான். சாமான் லிஃப்ட் மழை தொடங்குவதற்கு முன்பே பழுதாகி, கதவில் கயிறு கட்டிக் கிடந்தது. அதைப் பற்றி நோட்டீஸில் ஒரு வார்த்தை இல்லை.

எங்கள் வீட்டு வேலைக்கு வருகிறவர் ஏரவாடாவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். கல்யாணத்துக்குப் பிறகு ஹடப்சர் பக்கம் வந்தவர். எங்கள் கட்டடத்தில் நான்கு வீடுகளில் வேலை செய்கிறார். ஏழாவது மாடி வீட்டில் கைக்குழந்தையையும் பார்த்துக்கொள்கிறார். அன்று எங்கள் ஐந்தாவது மாடிக்குப் படியேறி வந்தவர், வீங்கியிருந்த முழங்காலைப் பிடித்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாக்கா, நாங்க ஏறினா லிஃப்ட்டு அறுந்து வுழுந்துடுமா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பில்லாமல் சொன்னார். "பாப்பாவத் தூக்கிகினு கீழ போனா லிஃப்ட்டுல போலாமாம். பாப்பாவ வுட்டுட்டுத் தனியா வந்தா படியாம். வாட்ச்மேன் சொல்றான். இப்டியே போனா இந்த மாசத்தோட மேல் மாடி வீட்டயெல்லாம் வுட்டுட வேண்டியதுதான். கால் கேக்கல."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நம் குழந்தை அவர் இடுப்பில் இருக்கும்வரை அவர் மனுஷி, இறக்கி வைத்ததும் வேறு ஏதோ ஒன்றா? இதை யோசித்து, தட்டச்சு செய்து, முத்திரை குத்தி ஒட்டியவர்கள் எல்லாரும் பட்டம் வாங்கியவர்கள்.

நான் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவள். எதுவும் வரிசையாக இருந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். அன்று மாலையே மராத்தியில் ஒரு மனு எழுதினேன். கீழே கோடு போட்டு, வரிசை எண் இட்டு, கையெழுத்துக்கு இடம் விட்டேன். ஒன்றாம் எண்ணில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீடு வீடாகப் போனேன்.

எல்லாரும் நோட்டீஸைத் திட்டினார்கள். அநியாயம் என்றார்கள். ஒரு வீட்டில் டீ கொடுத்தார்கள். ஆனால் பேனாவை நீட்டியதும் எல்லார் கையும் தயங்கியது. எதிர் வீட்டுக்காரர் தாளை ஆராய்ந்துவிட்டுப் பதினேழாம் எண்ணில் கையெழுத்துப் போட்டார். "மேலே வேறு யாராவது போடட்டும் மேடம்" என்றார். அடுத்த வீட்டு அம்மா கடைசி வரியில் போட்டார். இன்னொருவர், பத்துப் பேர் போட்ட பிறகு வருமாறு சொன்னார். மூன்று நாள் அலைந்தும் என் பெயருக்குக் கீழே இரண்டாம் எண் காலியாகவே இருந்தது. சொந்த வீடு, கையில் பதிவுப் பத்திரம். கமிட்டி இவர்களை என்ன செய்துவிடும்? அந்த நோட்டீஸை விட இந்தக் காலி வரிதான் எனக்கு அதிகக் கோபத்தைத் தந்தது.

அந்தத் தாளை எங்கள் வீட்டு வேலைக்கு வருகிறவரிடம் காட்டினேன். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

"நாங்களும் போடுவோம்க்கா. ஆனா நம்பர் பாத்தாதான் பயம். எங்க வூட்டுக்காரரு போசரி கம்பெனில இருந்தப்ப இப்டித்தான் ஒரு லெட்டர் குடுத்தாங்க. மேல இருந்த பேரயெல்லாம் வேலைய வுட்டுத் தூக்கிட்டான். கீழ இருந்தவங்களுக்கு ஒண்ணும் ஆவல. இவரு பேரு ரெண்டாவது."

வேலைக்கு வரும் இந்தப் பெண்களின் பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது. கமிட்டி நினைத்தால், வருபவர்களை உள்ளே விட வாட்ச்மேன் பார்க்கும் செயலியில் ஒரு பொத்தானைத் தட்டி, நாளை காலை இவர்களை கேட்டிலேயே நிறுத்திவிடலாம். என் வரிசை எண்களை நானே வெறித்துப் பார்த்தேன். கழுவிக் கவிழ்த்திருந்த சாப்பாட்டுத் தட்டு கண்ணில் பட்டது. புதிய தாளில் மனுவை நடுவில் சுருக்கமாக எழுதினேன். அதன் மேல் தட்டைக் கவிழ்த்து, விளிம்பைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் வரைந்தேன். பெயர்களை அந்த வட்டத்தின் மேல், சூரியனுக்குக் கதிர் போடுவதுபோல் எழுதலாம் என்றேன். முதலும் இல்லை, கடைசியும் இல்லை.

"ஐயோ, பூரி மாதிரி இருக்குதுக்கா" என்று சொல்லிக்கொண்டே பேனாவை வாங்கினார். பள்ளியில் படித்த மராத்தி எழுத்தில், தாளே கிழியும்படி அழுத்தி எழுதினார். மறுநாள் கேட்டுக்கு வெளியே, வேலைக்கு வரும் மற்ற பெண்கள் குடையைப் பிடித்துக்கொண்டு எழுதினார்கள். அவர்கள் பெயர்களைப் பார்த்த பிறகு மாடி வீட்டுக்காரர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். பதினேழாம் எண்காரர் இந்த முறை இடம் தேடவில்லை.

கமிட்டி சேர்மன் தாளை வாங்கி, காரின் ஸ்டீயரிங்கைத் திருப்புவதுபோல் சுற்றிச் சுற்றிப் படித்தார். "யே க்யா ஹை மேடம், ரங்கோலி?" இது என்ன, கோலமா என்று கேட்டார். கமிட்டி ஆட்கள் சிரித்தார்கள். இதை யார் ஆரம்பித்தது என்று அடுத்துக் கேட்டார். எங்கே ஆரம்பிக்கிறது என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். மறுபடியும் ஒரு சுற்று சுற்றினார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

இரண்டு நாளில் பழைய நோட்டீஸ் போய்ப் புதியது வந்தது. 'மனிதாபிமான அடிப்படையில்' வேலைக்கு வருபவர்கள் லிஃப்ட்டைப் பயன்படுத்த அனுமதிக்கப்படுகிறார்களாம். செய்த அவமானத்துக்கு ஒரு வருத்தம்கூட இல்லை, கருணை வேறு! கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, அந்த இரண்டு சொற்களையும் அங்கேயே அடித்தேன். பக்கத்தில் என் முழுக் கையெழுத்தைப் போட்டுவிட்டு ஆபீஸுக்குப் போனேன்.

மாலையில் திரும்பி வந்தபோது என் கையெழுத்துக்கு நேர் கீழே இன்னொரு பெயர் இருந்தது. மராத்தி எழுத்து, தாள் கிழியும் அழுத்தம். மறைய வட்டம் எதுவும் இல்லாத இடத்தில், கணவர் வேலையிழந்த அதே இரண்டாவது இடத்தில், அவர் தன் பெயரை எழுதியிருந்தார். அவரை கேட்டில் நிறுத்தும் துணிச்சல் கமிட்டிக்கு வரவில்லை. இப்போதும் அந்த லிஃப்ட்டில்தான் வருகிறார்.

யாராவது ஒரே ஒரு பெயரோடு ஒரு மனுவை என்னிடம் நீட்டினால், படித்து எனக்கு நியாயமாகப் பட்டதும் இரண்டாம் எண்ணில் என் பெயரை எழுதிவிடுகிறேன். முதல் பெயர் தனியாக நிற்பது எப்படி இருக்கும் என்பதும், இரண்டாவது பெயரை எழுத எவ்வளவு துணிவு வேண்டும் என்பதும் எனக்கு அந்த மழைக்காலத்தில் தெரிந்துபோயிற்று.