பதினைந்தாம் பக்கம்

என் மனைவிக்கு இரண்டாம் முறை ரத்தம் ஏற்றி வீட்டுக்கு அழைத்து வந்த வாரம், கண் கூசுகிறது, நீங்களே வாசியுங்கள் என்று ஒரு தடித்த ஆங்கில நாவலை என் மடியில் போட்டாள். ரத்தம் குடிக்கும் பிரபு ஒருவனின் கதை. பள்ளியில் ஆங்கிலம் நடத்தியவளுக்கு அந்தச் சமயத்தில் வேறு புத்தகம் கிடைக்கவில்லையாம்.

வருவாய்த்துறைக் கோப்புகளோடு காலம் கழித்த எனக்கு நாவல் உடனே பிடித்துப்போனது. கதை சொல்லத் தனியாக ஆள் கிடையாது. நாட்குறிப்பு, கடிதம், தந்தி, செய்தித்தாள் நறுக்கு எல்லாம் தேதிவாரியாகக் கோத்திருக்கிறது. எல்லோரும் வாக்குமூலம் கொடுக்கிறார்கள், பிரபுவைத் தவிர.

"எதிர்த்தரப்பைக் கேக்காமலே தண்டனை. மேல்முறையீட்டுல நிக்காது" என்றேன்.

"ரத்தம் குடிக்கவனுக்கு நோட்டீஸ் அனுப்பச் சொல்லுதியளோ?"

பிரபு கடித்த ஒரு பெண்ணுக்கு நான்கு ஆண்கள் ஒருவர்பின் ஒருவராக ரத்தம் கொடுக்கும் இடம் வந்தது. "எந்த குரூப்புன்னு ஒருத்தனும் கேக்கல, பாத்தியளா? அவ பிரபு பல்லு பட்டுச் சாகல. இவனுவளாலதான் செத்துருப்பா" என்றாள். நானும் சிரித்தேன். ஊசி குத்திக் கறுத்திருந்த அவள் கையைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்துச் சிரித்தேன்.

அவளுடைய எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை முடிவு வந்து பத்து நாள் ஆகியிருந்தது. ரத்தப் புற்று. மருத்துவர், பெங்களூரிலிருந்து போனில் மகன், நான், மூன்று பேரும் பேசி அவளிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவெடுத்தோம். அறிக்கையைக் கோப்பிலிருந்து உருவி என் ஓய்வூதியப் புத்தகத்துக்குள் வைத்தேன். அவளிடம் சத்துக்குறைவு என்றேன்.

நாவலின் பின்பாதியில், சிதறிக் கிடந்த தாள்களையெல்லாம் தட்டச்சு செய்து வரிசைப்படுத்துகிறவள் வேறொரு பெண். அவற்றை வைத்துத்தான் ஆண்கள் பிரபுவைத் தேடிக் கிளம்புகிறார்கள். கிளம்பும்முன், இனி அவளுக்கு எதுவும் தெரியக்கூடாது, மனம் தாங்காது என்று தீர்மானம் போடுகிறார்கள். அவளைத் தனியே விட்டுப்போன அந்த நாட்களில்தான் பிரபு அவளிடம் வருகிறான். அங்கே வாசிப்பை நிறுத்தினேன். தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தேன்.

"போதும், மூடுங்க." தலையணைக்கு அடியிலிருந்து மருத்துவமனைக் கோப்பை எடுத்தாள். "பதினாலு இருக்கு. பதினாறு இருக்கு. பதினஞ்சு எங்க?"

தாள் வந்ததும் சிவப்பு மையில் பக்க எண் போடுவது என் பழக்கம். கோப்பில் தாள் காணாமல் போனதற்கு விளக்கம் கேட்டு எத்தனையோ பேருக்கு மெமோ எழுதியவன் நான்.

"விடுபட்டிருக்கும்."

"உங்க கையில விடுபடுமா? கல்யாணப் பத்திரிகைக்கே பக்க எண் போட்டு வச்சிருக்க ஆளு. இந்தப் புஸ்தகத்த எதுக்கு எடுத்தேன்னு நினைச்சிய? இந்த இடம் வந்தா நீங்களே சொல்லுவியன்னு பாத்தேன். தண்ணி குடிக்கிய."

தாளை எடுத்து வந்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"வாசிங்க. அந்தப் பிரபு கதைய வாசிச்ச மாதிரி, பைய."

பதினொரு வரிகள். வாசித்தேன். நான் திணறிய நோயின் பெயரை அவளே திருத்தி உச்சரித்தாள்.

"எத்தனை நாளு?"

"இதுல போடல."

"அப்ப நாளைக்கு டாக்டர்கிட்ட நான் கேக்கேன். நீங்க வெளிய இருங்க."

மறுநாள் ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் போன ஆட்டோவில் கோப்பு அவள் மடியில் இருந்தது. மருத்துவரின் அறைக் கதவு சாத்திக்கொண்டது. எனக்குத் தெரிந்த எந்த நடைமுறையும் உதவாமல், வெளியே நாற்காலியில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.