மூலை அக்கா

"தம்பி, பக்கவாட்டுல பிடிச்சு இழுக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? மூஞ்சி பூசணிக்காயாயிடும். மூலையைப் பிடிங்க, மூலையை!" என்று கொழுந்தனை அதட்டியபடியே அவர் கையிலிருந்து மவுஸைப் பிடுங்குகிறார் அக்கா. திரையில் ஒரு பள்ளி ஆசிரியரின் படம். கொழுந்தனின் கைவண்ணத்தில் ஒரே நிமிடத்தில் மனிதருக்குப் பத்து கிலோ கூடியிருக்கிறது. அக்கா மூலையைப் பிடித்து மெல்ல உள்ளே தள்ள, ஆசிரியர் பழைய உடம்புக்குத் திரும்புகிறார்.

நகல் எடுக்கும் கடை கொழுந்தனுடையது. ஆனால் கூட்டம் வருவது மூலை அக்காவுக்காக. வேலைக்கு மனு போடுகிறவர்கள், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கிறவர்கள் எல்லாரும் கைபேசியை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். இணையத்தில் உள்ள வடிவமைப்புக் கருவியைத் திறந்து, அகலம், உயரம் என்ற இரண்டு கட்டங்களில் எண்ணை அடித்து, கேட்ட அளவுக்குப் படத்தைச் சுருக்கிக் கொடுப்பார். வேலை நடக்கும்போது படத்தோடு பேச்சு வேறு. "கொஞ்சம் தள்ளுங்க சார், காது இடிக்குது." எதிரே நிற்கும் நிஜ சார் பதறிப்போய் ஓரடி தள்ளி நிற்பார்.

கொழுந்தனுக்கு அவர் மேல் ஒரே குறைதான். வேலை முடிந்த பிறகும் வந்த படத்தைக் கணினியிலிருந்து அழிக்க மாட்டார்.

"இடம் ரொம்பிடுச்சு அண்ணி. யார் வீட்டுப் படமோ, நமக்கெதுக்கு?"

"கிடந்துட்டுப் போகட்டுமே. சோறா கேக்குது?"

போன வாரம் கொழுந்தன் கெடுவே வைத்துவிட்டார். செவ்வாய் மதியத்துக்குள் எல்லாம் காலியாக வேண்டும். அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, பழைய படங்களிலிருந்து ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வந்தார். முந்நூறு படமாவது அழித்திருப்பார். அப்போதுதான் பேருந்து ஓட்டுநர் ஒருவர் வந்து, புத்தம் புதிய படச் சட்டம் ஒன்றை மேசை மேல் நிறுத்தினார்.

"இதுக்குத் தகுந்த மாதிரி பெருசாக்கித் தாங்கம்மா. என் வீட்டுக்காரி. போன மாசம் தவறிட்டா."

கைபேசியில் இருந்தது கட்டைவிரல் அளவுப் படம். போன வருடம் ஏதோ மனுவுக்காக அக்காவே சுருக்கிக் கொடுத்தது. மூலையைப் பிடித்து வெளியே இழுத்தார். முகம் கட்டம் கட்டமாக உடைந்து, கண் எது மூக்கு எது என்று தெரியவில்லை.

"பெரிய படம் எங்கேங்க?"

"அழிச்சுட்டேன்மா. ரெண்டுலயும் அவ முகம்தானே, பெருசு எதுக்கு இடத்தை அடைக்கணும்னு சின்னதை வெச்சுக்கிட்டேன். வேற படம் இல்லை. போட்டோன்னாலே ஓடிடுவா."

காலையிலிருந்து அழித்ததில் இதுவும் போயிருந்தால்? அக்கா மிச்சமிருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். கொழுந்தன் எழுந்து வந்து பின்னால் நின்றார். கெடு வைத்த பாவம் தன் தலையில் விடியுமோ என்று அவருக்கும் பயம்.

"இருக்குங்க! இருக்கு!"

அக்கா போட்ட சத்தத்தில் வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

திரை முழுக்க அந்த அம்மாள், சிரிப்பை அடக்கத் தெரியாமல் நின்றார். பக்கத்தில் ஓட்டுநர், மனைவியின் கைப்பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு விறைப்பாக நின்றார். மனுவுக்காக அந்த அம்மாளை மட்டும் தனியாக வெட்டி எடுத்ததும் அக்காதான்.

"பையைப் பிடிங்கன்னு குடுத்துட்டா. அப்புறம் என்னைப் பார்த்து ஒரே சிரிப்பு" என்றார் ஓட்டுநர். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்னை வெட்டிடுங்கம்மா. ஒரு ஆளுக்குன்னுதான் சட்டம் வாங்கினேன். நானும் நின்னா அவ சின்னதாயிடுவா."

அக்கா மவுஸைத் தொடவில்லை. மேசை மேல் நெட்டுக்குத்தாக நின்ற சட்டத்தை எடுத்து, படுக்கவாட்டில் திருப்பி அவர் முன்னால் வைத்தார்.