இரண்டு வட்டங்களுக்கு நடுவே

பினாங்கில் நான் பிழை திருத்திக்கொண்டிருந்த நாளிதழ், ஜப்பான்காரர் வந்ததும் நின்றுபோனது. கோலா கெத்தில் என்னும் ஊருக்குப் பக்கத்தில் ரப்பர் தோட்டம் ஒன்றில் அக்கா இருந்தாள். அவளிடம் போய்ச் சேர்ந்தேன். அவள் குடியிருந்த தொழிலாளர் லயத்தில் யாழ்ப்பாணத்து மாஸ்டர் ஒருவரும் ஒதுங்கியிருந்தார். டவுன் பள்ளியில் பௌதிகம் கற்பித்தவர். பள்ளியில் இப்போது ராணுவம் இருந்தது. பால்வெட்டு இல்லை. எல்லோரும் மரவள்ளி நட்டோம்.

தோட்டத்தில் ஓர் ஒயிலாட்டக் குழு இருந்தது. அதை ஆட்டுவித்தவர் ஒரு பால்வெட்டுக்காரர். எல்லோருக்கும் அவர் அண்ணாவி. காலியாகக் கிடந்த ரப்பர் ஸ்டோரில் அவர்கள் பழகுவதை மாஸ்டர் தினமும் பார்ப்பார். ஒருநாள் கரித்துண்டால் தரையில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டங்கள் போட்டார்.

“அணுவுக்குள்ள எலக்ட்ரான் எண்டு ஒண்டு இருக்கு. உள்வட்டத்தில நிக்கும், இல்லாட்டி வெளிவட்டத்தில நிக்கும். நடுவில ஒருநாளும் நிக்காது. நடுவால போறதும் இல்லை.”

“நடுவுல போவாம எப்படி மாஸ்டர் அந்தாண்ட போவும்? லோரி புடிச்சா?” என்றார் அண்ணாவி.

ஆட்கள் சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை. “அதைத்தான் நீர் ஆடிக் காட்ட வேணும்.”

இரண்டு நாள் கழித்து அண்ணாவி வழி கண்டுபிடித்தார். வரிசையில் நிற்பவர்கள் கைத்துணிகளை மேளத்தின் ஒரு தட்டுக்கு விரித்து உயர்த்துவார்கள். அந்த மறைவில் அவர் தாவுவார். துணி இறங்கும்போது வெளிவட்டத்தில், சலங்கை அசையாமல் நிற்பார். உள்ளே திரும்பி விழும்போது அணு ஒளி விடும் என்று மாஸ்டர் சொன்னதற்கு, மஞ்சள் துணி ஒன்றை மேலே வீசினார். ஆள் குறைந்தால் நானும் ஒரு துணி பிடிப்பேன். ஒரு மாதம் மாஸ்டர் கத்தியதெல்லாம் ஒன்றே: “அரை அடி வையாதேயும்! தாவினால் முழுசாத் தாவும்!”

“அந்த எலக்ட்ரான நீங்க பாத்திருக்கீங்களா மாஸ்டர்?” என்று ஒருநாள் அண்ணாவி கேட்டார்.

“பாக்க ஏலாது. பாக்க வெளிச்சம் வேணும். வெளிச்சம் பட்டாலே அது தள்ளுப்பட்டுப் போயிடும்.”

“அட, நம்ம புதுப்பொண்ணு மாதிரி.”

அந்த வாரமே தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி உத்தரவு கொண்டுவந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை டவுன் திடலில் ஜப்பான் அதிகாரிகள் முன் ஆட வேண்டும். மறுநாள் இன்னொரு செய்தி வந்தது. பக்கத்துத் தோட்டத்தில் பந்து விளையாட அழைக்கப்பட்டவர்களில் நன்றாக ஓடியவர்களை மட்டும் பிரித்து, சயாமில் ரயில் பாதை போட லோரியில் ஏற்றிவிட்டார்களாம். வீட்டில் சொல்லிக்கொள்ளக்கூட விடவில்லை.

அண்ணாவியின் மனைவிக்கு எட்டாம் மாதம். ஸ்டோர் வாசலில் வந்து நின்றாள்.

“மாஸ்டர், ஆட வேணாம்னு சொல்லல. போகலன்னா அடிப்பான். ஆனா இவரு தாவுறத அவன் பாக்கக் கூடாது.”

மாஸ்டர் வட்டங்களைத் தன் காலாலேயே தேய்த்து அழித்தார். “சரி, வாரும். இடக்கால இழும். அரை அடி வையும்” என்றார்.

ஒரு மாதம் திருத்திய பிழைகளை ஐந்து நாளில் ஒவ்வொன்றாகத் திரும்பக் கற்றுக்கொடுத்தார். நன்றாக ஆடக் கற்றதைவிட அது கடினமாக இருந்தது. அண்ணாவியின் கால் தானாக எழும்; மாஸ்டர் அதைக் கையால் அழுத்துவார்.

ஞாயிற்றுக்கிழமை திடலில் அவர்கள் நோயாளிகளைப் போல ஆடினார்கள். ஓர் அதிகாரி கொட்டாவி விட்டான். முடிந்ததும் வரிசையாக வந்து ஒவ்வொருவர் கெண்டைக்காலையும் பிடித்துப் பார்த்தான். இரண்டு பேரைப் பிரித்தான். அண்ணாவியை நடக்கச் சொன்னான். அவர் நொண்டினார். போகச் சொல்லிவிட்டான். அந்த இருவரும் திரும்பவில்லை.

கங்காணிகள் கண் எப்போதும் இருந்ததால் அண்ணாவி அன்றிலிருந்து மரவள்ளிக் காட்டிலும் கிணற்றடியிலும் நொண்டியே நடந்தார். மகள் பிறந்தாள், நடக்கவும் தொடங்கினாள். அவர் நொண்டிக்கொண்டிருந்தார். ஜப்பான்காரர் சரணடைந்த செய்தி வரும்வரை.

பள்ளிக்குத் திரும்பும் முன் மாஸ்டர் ஸ்டோரில் மறுபடி இரண்டு வட்டங்கள் போட்டார்.

“இப்ப ஒருத்தனும் பாக்கேல்லை. ஒருக்கா ஆடும்.”

அண்ணாவி சலங்கை கட்டி உள்வட்டத்தில் நின்றார். மிச்சமிருந்தவர்களோடு நானும் துணியை உயர்த்தினேன். மேளத்தில் தட்டு விழுந்தது. இறக்கினோம்.

அவர் உள்வட்டத்திலேயே நின்றிருந்தார். வலது கால் கோட்டைத் தாண்டி அரை அடி போயிருந்தது.