ஏழு நாடுகளும் ஒரு சிவப்புச் சாரமும்

யாழ்ப்பாணத்துக் குருநகர்ச் சிமியோன் படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் நண்டு பிடிக்கப் போனதால், சரியாகப் பார்த்தால் இரண்டரை. ஆனால் வாயைத் திறந்தால் ஊருக்கு முன்னால் கிடக்கும் ஆழமில்லாத பரவைக்கடலின் இறால்கள் துள்ளுவதை நிறுத்திவிட்டுக் கேட்கும். இந்த இரண்டரை வகுப்புக்காரனிடம்தான் ஏழு நாடுகள் வந்து மாட்டின.

எண்பத்திரண்டாம் ஆண்டுக் கடைசியில் ஒரு நாள், மீன்பிடிக் கந்தோர் ஒபீசர் தம்பிஐயா கரைக்கு வந்து, கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த சிமியோனுக்கு விஷயத்தைச் சொன்னார். ஏழு நாடுகள் சேர்ந்து மேலே ஒரு செய்மதி விட்டிருக்கின்றன. உலகத்துக் கடல், ஏரி, களப்பு எல்லாம் எவ்வளவு கலங்கிப் போகின்றன என்று அது மேலிருந்து படம் பிடிக்கும். பதினாறு நாளைக்கு ஒருமுறை, காலை ஒன்பது நாற்பத்து நாலுக்கு, குருநகருக்கு மேலால் போகும். அந்த நிமிடத்தில் பரவைக்கடலில் ஐந்து இடத்தில் ஐந்து வள்ளம் நின்று, வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்க வேண்டும். தட்டு கண்ணுக்கு மறையும் ஆழத்தை எழுத வேண்டும். மேலே படம், கீழே கணக்கு. இரண்டும் பொருந்தினால்தான் படம் சொல்வது உண்மை.

"உவ்வளவுதானோ ஐயா?"

"உவ்வளவுதான். ஆனா அஞ்சு வள்ளமும் ஒரே நிமிசத்திலை இறக்கவேணும்."

சிமியோன் வலையைக் கீழே வைத்தான்.

"ஏழு நாடு ஒண்டாச் சேர்ந்ததெண்டு சொல்லுறியள், நம்புறன். குருநகரிலை அஞ்சு வள்ளம் ஒண்டாச் சேருமெண்டு சொல்லுறியள் பாருங்கோ, அதுதான் எனக்கு இடிக்குது."

இடித்தது சரிதான். முதல் தடவை வந்த கணக்கு ஏழு நாட்டையும் பைத்தியமாக்கியிருக்கும். ஒருவன் 'ஒரு பாகம்' என்றான். ஒருவன் 'மூன்றரை முழம்' என்றான். ஒருவன் 'என்ரை கமக்கட்டு மட்டும்' என்றான். இன்னொருவன் தட்டு மறையவே இல்லை என்று சத்தியம் பண்ணினான். அவன் அதை இறக்க மறந்துபோய் மடியில் வைத்திருந்தான்.

சிமியோன் விடவில்லை. ஒரே கயிற்றை வெட்டி, சாண் சாணாக முடிச்சுப் போட்டு, ஐந்து பேருக்கும் கொடுத்தான். வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய தட்டுகள் துறைமுகத்தில் கிடந்ததால், மனைவி லூர்த்தம்மா சீதனமாகக் கொண்டுவந்த, சோறு போடும் வெள்ளைப் பீங்கான் கோப்பைகள் ஐந்தை எடுத்து, கல்லோடு வலைத்துண்டில் முடிந்தான். மணிக்கூடு இருந்தது அவனிடம் மட்டும். அதனால் நேரம் வந்ததும் அவன் தன் இடுப்பில் உடுக்கும் சிவப்புச் சாரத்தை, வள்ளம் ஊன்றும் தாங்குகோலில் கட்டி உயர்த்துவான். சாரம் எழும்பினால் ஐந்து கோப்பையும் தாழும். அவ்வளவுதான் சட்டம். இரண்டாம் தடவை கணக்குகள் ஒன்றோடொன்று அப்படிப் பொருந்தின. தம்பிஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"சிமியோன், ஒரு தவணை தவறினாலும் எங்கடை கடலின்ரை பேரை வெட்டிப்போட்டு வேறை நாட்டு ஏரியைச் சேர்த்துப்போடுவாங்கள், கண்டியோ."

"பேரை வெட்ட விடுவனே ஐயா? கணக்கிலை என்ரை பேரெல்லோ அதுக்குக் கீழை அடிச்சிருக்கு."

எல்லாம் நன்றாகத்தான் போனது, மகள் மார்கிரட்டின் கலியாணம் வரும்வரை.

மாப்பிள்ளை கப்பல்காரன். பெப்ரவரி பதினாலில் கப்பல் ஏற வேண்டும். பதினாறில் தவக்காலம் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு நாற்பது நாளைக்குக் கோயிலில் கலியாணம் இல்லை. பங்குச் சுவாமிக்கு அந்தக் கிழமை ஒழிவாக இருந்த ஒரே நாள் ஒன்பதாம் திகதி, புதன்கிழமை, காலை பத்து மணி. செய்மதியும் அதே ஒன்பதாம் திகதிதான் வருகிறது, பதினாறு நிமிடம் முந்தி.

சிமியோன் முதலில் தம்பிஐயாவிடம் ஓடினான்.

"ஏழு நாட்டுக்கும் ஒரு கடிதம் போடுங்கோ ஐயா. அண்டைக்கு மட்டும் ஒரு மணித்தியாலம் முந்தி வரச்சொல்லி."

"அது வள்ளமில்லை சிமியோன், நிண்டு ஆளேத்திக்கொண்டு வர."

பிறகு சுவாமியிடம் ஓடினான். சுவாமி பொறுமையாகக் கேட்டார். "மேலை இருக்கிற ஒருத்தருக்காகத்தான் நான் பூசை வைக்கிறது, சிமியோன். ரெண்டாவது ஆளுக்காக நேரம் மாத்தேலாது."

லூர்த்தம்மா கடைசித் தீர்ப்பைச் சொன்னாள். "பத்துக்கு நீங்கள் கோயில் வாசல்லை நிக்கவேணும். நிக்காட்டி, பிள்ளையின்ரை கையைப் பிடிச்சு என்ரை அண்ணை கூட்டிக்கொண்டு போவார்."

 லூர்த்தம்மாவின் அண்ணை யாகோப்பு, கருவாட்டு மொத்த வியாபாரி. இருபத்திரண்டு வருடமாக, செத்த வீடு, கலியாண வீடு ஒன்று விடாமல் அவர் சொல்லிவரும் வசனம் ஒன்று உண்டு: "என்ரை தங்கச்சியைக் குடுத்ததாலைதான் உவன் மனுசனானவன்." இனி மகளையும் அவரே ஒப்புக்கொடுத்தார் என்றால், சிமியோன் ஊரில் தலை காட்டுவதற்கு ஒரு தலை வாங்க வேண்டும். யாகோப்பு அந்தப் பொறுப்பு எப்படியும் தனக்குத்தான் வரும் என்று கொழும்பிலிருந்து புதுச் சப்பாத்தே எடுத்துவிட்டார். ஓர் அடி வைத்தால் மூன்று ஒழுங்கைக்குக் கேட்கும் சப்பாத்து.

ஒன்பதாம் திகதி காலை, சிமியோன் கலியாணக் கோட்டுப் போட்டு, கழுத்துப்பட்டி கட்டி, காற்சட்டைக்கு மேலே சிவப்புச் சாரத்தைச் சுற்றிக்கொண்டு வள்ளத்தில் ஏறினான். வள்ளத்தில் ஏற்கெனவே ஓர் ஆள். படம்பிடிக்கிற கனிசியஸ். கலியாணப் படம் எடுக்க வந்தவன்.

"நீ ஏன்ரா இஞ்சை? கோயிலடிக்குப் போ."

"அண்ணை, அது எங்களைப் படமெடுக்குது. நாங்கள் திருப்பி ஒரு படமாவது எடுக்காட்டி மரியாதையில்லை. ஒண்டே ஒண்டு."

குருநகருக்குக் கிழக்கே கொழும்புத்துறைப் பக்கமாகத் தங்கள் இடத்தில் போய் நின்றார்கள். ஒன்பது நாற்பத்து நாலு. சாரம் எழும்பியது. தூரத்தில் நாலு வள்ளத்திலும் கோட்டுப் போட்ட நாலு பேர் குனிந்து கோப்பையை இறக்கினார்கள். கனிசியஸ் வானத்தைப் பார்த்து, 'அதோ' என்று ஒன்று அடித்தான். அது கொக்கு. 'உதுதான்' என்று இன்னொன்று அடித்தான். அது பருந்து. பிறகு காகம், பிறகு ஒரு முகில், பிறகு ஒன்றுமே இல்லாத வானம். சுருளில் இருந்த பன்னிரண்டும் முடிந்தபோதுதான் அவனுக்குக் கலியாணம் நினைவுக்கு வந்தது.

சிமியோன் ஆழத்தை எழுதிவிட்டு எஞ்சினை இழுத்தான். அது இரண்டு தரம் இருமியது, கால்வாசித் தூரம் போனது, படுத்துவிட்டது. கோயில் மணி தண்ணீருக்கு மேலால் வந்தது.

"கொண்டல் காத்து ஊரைப் பாத்து அடிக்குது அண்ணை. சாரத்தை விரிச்சுப் பிடிப்பம்," என்றான் கனிசியஸ்.

தாங்குகோலில் சாரம் மறுபடி எழும்பியது. காற்று பிடித்தது. வள்ளம் குருநகரைப் பார்த்து அப்படிப் பறந்தது, மீன்கள் ஒதுங்கி வழி விட்டன. ஆனால் மற்ற நாலு வள்ளத்திலும் இருந்தவர்களுக்குச் சட்டம் ஒன்றுதானே. சாரம் எழும்பினால் கோப்பை தாழ வேண்டும். இறக்கினார்கள், எழுதினார்கள். சாரம் இன்னும் மேலேதான். மறுபடி இறக்கினார்கள்.

"இண்டைக்குச் செய்மதி நிண்டு நிண்டு போகுதுபோலை," என்று ஒருவன் சொன்னது காற்றில் கேட்டது. சிமியோன் கை அசைத்துக் கத்தினான். கெதியாக இறக்கச் சொல்கிறான் என்று விளங்கிக்கொண்டு இன்னும் கெதியாக இறக்கினார்கள்.

சாரத்தை அப்படியே பறக்க விட்டுவிட்டுக் கரையில் குதித்துக் கோயில் ஒழுங்கையால் ஓடினான். கோட்டு நனைந்து, கழுத்துப்பட்டி முதுகில் தொங்கியது. பத்து மணி ஏழு நிமிடம். வாசலில் மார்கிரட் வெள்ளைச் சேலையோடு நின்றாள். யாகோப்பு அவளுக்குப் பக்கத்தில் இல்லை. எங்கே என்று பார்த்தால், புதுச் சப்பாத்தின் அடி இரண்டும் வானத்தைப் பார்க்க, முழங்காலில் நின்று நிலத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நல்லாத் தேடுங்கோ மாமா," என்றாள் மார்கிரட். "தலையிலை போட்ட நெட்டிலை குத்தின சேப்டிப்பின். அது இல்லாட்டி நெட் விழுந்துபோம். பின் இல்லாமல் நான் ஒரு அடி வையன்."

"இஞ்சை ஒண்டையும் காணேல்லைப் பிள்ளை."

"உந்த மண்ணுக்கை கிடக்கும். கிண்டிப் பாருங்கோ."

சிமியோன் மகளின் கையைப் பிடித்தான். உள்ளங்கையில் ஏதோ சுருக்கென்று குத்தியது. அவன் மகளைப் பார்த்தான். மகள் பீடத்தைப் பார்த்தாள். இரண்டு பேரும் நடந்தார்கள். யாகோப்பு எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டியபோது அவர்கள் சுவாமிக்கு முன்னால் நின்றார்கள்.

கலியாணம் முடிந்தது, மாப்பிள்ளை கப்பலேறினான். படம் மட்டும் இல்லை. கனிசியஸின் சுருளில் இருந்தது பன்னிரண்டு வானம். இதுவே யாகோப்புக்குப் போதுமாயிற்று. தவக்காலம் முடிந்து பாஸ்குத் திருநாள் வருவதற்குள், மார்கிரட்டைக் கூட்டிப்போனது தான்தான் என்று பக்கத்துப் பாசையூர்வரை சொல்லி முடித்துவிட்டார். கோயிலில் கண்ணால் கண்டவர்கள் எல்லாம் அவரிடம் கருவாட்டுக் கடன் உள்ளவர்கள். "சிமியோனோ? அவன் அந்த நேரம் கடலுக்கை கோப்பை கழுவிக்கொண்டு நிண்டவன். கூட்டிப்போனதுக்கு ஒரு படம் காட்டச் சொல்லு பாப்பம்."

சிமியோன் பூசைக்குக் கூடப் பின் வாசலால் போய் வந்தான். இறால்களும் நிம்மதியாகத் துள்ளின.

பாஸ்கு முடிந்த கிழமை தம்பிஐயா பாய் போலச் சுருட்டிய ஒரு கடதாசியோடு வந்தார். செய்மதி எடுத்த படம், ஒன்பதாம் திகதி எடுத்தது. அயலெல்லாம் சிமியோன் வீட்டு முற்றத்தில் கூடியது. யாகோப்பும் கிரீச் கிரீச் என்று வந்தார். படத்தில் தண்ணீர் கறுப்பு. தோட்டம், பனங்காடு எல்லாம் ஒரே சிவப்பு.

"பாத்தியளே, என்ரை சாரம் யாழ்ப்பாணம் முழுக்கத் தெரிஞ்சிருக்கு," என்றான் சிமியோன்.

"செய்மதிப் படத்திலை அது மரஞ்செடிக்குக் குடுக்கிற நிறம்," என்றார் தம்பிஐயா. கடிதத்தையும் வாசித்தார். "'எந்த நாட்டிலும் ஒரே காலையில் இத்தனை தரம் எவரும் அளந்ததில்லை. ஒரு வள்ளம் முப்பத்தொரு தரம். இந்த ஊக்கத்தை மற்ற நாடுகளும் பின்பற்ற வேண்டும்.' உங்களைப் பாத்து எல்லாரும் இனி நாலு தரமாவது அளக்க வேணுமாம்."

யாகோப்பு படத்துக்குக் கிட்ட வந்து விரலால் ஊன்றினார்.

"நேரம் போட்டிருக்கே, வாசியுங்கோ ஐயா."

"ஒன்பது நாப்பத்து நாலு."

"இப்ப எல்லாரும் பாருங்கோ. இது கடல். இதுக்குள்ளை மச்சான். இது கோயில். இதிலை ஆர் நிண்டது? நான். ஏழு நாடு சேர்ந்து சாட்சி சொல்லுது. இனி என்ன கதை?"

 சிமியோனுக்கு, முப்பத்தொரு தரம் கோப்பை இறங்கியும் தன் வாய் கரை தட்டிவிட்டது போல இருந்தது. லூர்த்தம்மா கூட அண்ணையைப் பார்க்காமல் முந்தானையைப் பார்த்தாள்.

குசினி வாசலில் தேத்தண்ணித் தட்டோடு நின்ற மார்கிரட் மெதுவாக வந்தாள். முதல் தேத்தண்ணியை யாகோப்புக்கு நீட்டினாள்.

"ஓம் மாமா, நீங்கள்தான் நிண்டது," என்றாள். "அதிருக்க, அண்டைக்கு முழங்காலிலை நிண்டு தேடினியளெல்லே, அந்தச் சேப்டிப்பின் கிடைச்சுதோ?"

தன் சட்டையில் குத்தியிருந்த அதைக் கழற்றி, தேத்தண்ணித் தட்டில் வைத்தாள்.

சிரிப்பு முதலில் கனிசியஸிடம் தொடங்கியது. யாகோப்பு தேத்தண்ணியைக் குடிக்கவுமில்லை, வைக்கவுமில்லை. சப்பாத்துச் சத்தம் ஒழுங்கை முனைவரை கேட்டது. சிமியோன் அந்தப் பின்னை எடுத்து, ஏழு நாட்டுப் படத்தில், கோயில் இருக்கிற இடத்தைப் பார்த்துக் குத்திச் சுவரில் மாட்டினான். பிறகு இருந்து கதைக்கத் தொடங்கினான்.