பூஜையில் வைத்த ரைபிள்

நான் பிறவியிலேயே இடது கைக்காரி. சாப்பிடவும் எழுதவும் பெரியவர்களிடம் எதையாவது நீட்டவும் வலது கையைப் பழக்கிவிட்டார்கள். நான் ஒரு நாள் துப்பாக்கி சுடப் போவேன் என்று மட்டும் வீட்டில் யாருக்கும் முன்கூட்டித் தோன்றவில்லை. அதனால் அது ஒன்று இடது கையிலேயே தங்கிவிட்டது.

அப்பா மைசூர் சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்தவர், ரைபிள் கிளப்பில் உறுப்பினர். நான் கல்லூரியில் படிக்கும்போது, வெய்யிலில் குடை பிடிக்க ஒரு துணை வேண்டும் என்று என்னைக் கிளப்பின் சுடும் மைதானமான ரேஞ்சுக்கு அழைத்துப் போனார். ஆறு மாதத்தில் குடையை அவர் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு என் பெயரிலேயே லைசென்ஸ் வாங்கி, ஒரு பாயிண்ட் டூ டூ ரைபிளும் வாங்கித் தந்தார். சிவாஜிநகர் தச்சர் ஒருவர் அதன் மரக்கட்டையை என் வலது பக்கத்து மூஞ்சிக்கு விரோதமாகவும் இடது பக்கத்துக்கு இதமாகவும் செதுக்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அதை என்னைத் தவிர யாராலும் ஒழுங்காகச் சுட முடியாது. எனக்கும் வேறு எதையும் சுட வராது.

கல்யாணமாகி மல்லேஸ்வரத்திலிருந்து பிரேசர் டவுனுக்கு வந்தேன். கணவர் தொழிற்சாலையில் இன்ஜினியர். சாது. மனைவி துப்பாக்கி சுடுகிறாள் என்பதை நண்பர்களிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தவர். அறுபதுகளின் தொடக்கம் அது. கிளப் செயலாளர் கல்யாணப் பரிசு போல, என்னைக் கேட்காமலே, என் உறுப்பினர் அட்டையில் என் பெயரோடு இருந்த அப்பா பெயரை எடுத்துவிட்டுக் கணவர் பெயரைப் போட்டுக் கொடுத்தார். நானும் பல்லைக் காட்டி வாங்கிக்கொண்டேன். அந்த வருஷம் தசராவை ஒட்டி மாநில அணிக்கு ஆள் எடுக்கிறார்கள், பெண்களுக்கும் இடம் உண்டு என்று செய்தி வந்தபோதுதான் வம்பு புரிந்தது. அட்டையில் கணவர் பெயர், லைசென்ஸில் இன்னும் அப்பா பெயர், இரண்டுக்கும் வேறு வேறு விலாசம். லைசென்ஸை மாற்றாமல் போட்டியில் சேர்க்க முடியாது என்றார் அதே செயலாளர்.

அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் சுலபமாகச் சொன்னார்கள். எனக்கு அப்போது மூன்றாம் மாதம். அது கணவருக்கும் எனக்கும் டாக்டரம்மாவுக்கும் மட்டும் தெரியும். எங்கள் போட்டி குப்புறப் படுத்துச் சுடுவது. வயிறு முழுக்கப் பாயில் பதிய வேண்டும். “இந்த மாசம் போனாப் போறது. அடுத்த மாசம் அந்தப் பேச்சே கூடாது” என்றார் டாக்டரம்மா. குழந்தை பிறந்த பிறகு என்னை யார் ரேஞ்சுக்கு அனுப்பப் போகிறார்கள்? எனக்கு அந்த வருஷம் விட்டால் வேறு வருஷம் இல்லை.

பெயர் மாற்றச் சொல்லி லைசென்ஸை சர்க்கார் ஆபீஸில் கொடுத்தேன். மாறி வரும்வரை ரைபிள் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனில் இருக்க வேண்டும் என்றார்கள். கிளப்பில் பாதிப் பேர் இறந்துபோன தங்கள் அப்பாக்களின் பெயரில் இருக்கும் லைசென்ஸை வைத்துக்கொண்டு நிம்மதியாக முயல் சுட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஒழுங்காக உறையில் போட்டு எடுத்துப் போய் ஒப்படைத்தேன்.

லைசென்ஸ் ஆபீஸ் குமாஸ்தா தங்கமான மனிதர். திட்டுவதற்கு ஒரு கெட்டவராவது கிடைத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். போகும்போதெல்லாம் நாற்காலி போடுவார். “கையெழுத்துப் போடற சாஹேப்ரு கேம்ப்ல இருக்காரும்மா. ஒங்க பேப்பரை மேலயே வெச்சிருக்கேன், நோடி” என்று எடுத்தும் காட்டுவார். மேலேதான் இருக்கும். நான் நன்றி சொல்லிவிட்டுத் திரும்புவேன். வீட்டில் துடைப்பக்கட்டையை இடது தோளில் வைத்து மூச்சைப் பிடித்துப் பழகுவேன். கணவர் பேப்பருக்குப் பின்னால் சிரிப்பை அடக்கிக்கொள்வார்.

கையெழுத்தான லைசென்ஸ் சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸ் மூடும் நேரத்தில் என் கைக்கு வந்தது. மறுநாள் ஆயுத பூஜை. அதற்கு மறுநாள் விஜயதசமி, காலை எட்டு மணிக்குப் போட்டி. ஓட்டமும் நடையுமாக ஸ்டேஷனுக்குப் போனேன். துப்பாக்கி அறையின் சாவி ஹெட் கான்ஸ்டபிளிடம். அவர் பூஜைக்குப் பூவும் பூசணிக்காயும் வாங்க மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். இருட்டும்போது ஜட்கா நிறைய வாழைக்கன்றுகளோடு வந்து இறங்கினார். நீலசந்திராக்காரர், எங்கள் தமிழ்தான்.

“ரூமைக் கழுவி உட்டுட்டாங்கம்மா, உள்ள கால் வெக்க முடியாது. காத்தால வாங்க, எங்க போயிடப் போவுது” என்றார்.

காலையில் வீட்டில் சரஸ்வதி பூஜை. கணவரின் அளவுகோல்கள், பஞ்சாங்கம், இவற்றோடு என் சுடும் கையுறையையும் நானே சந்தனம் தொட்டுப் பூஜையில் வைத்தேன். அம்மன் கண் திறக்கட்டும் என்றுதான். கற்பூரம் காட்டிவிட்டு அவசரமாக ஸ்டேஷனுக்குப் புறப்பட்டேன்.

அங்கே வாசலில் மாவிலைத் தோரணம். உள்ளே மேசை மேல் வெள்ளைத் துணி விரித்துத் துப்பாக்கிகளை வரிசையாகச் சாத்தியிருந்தார்கள். ஸ்டேஷனின் கனத்த துப்பாக்கிகளுக்கு நடுவில், மாப்பிள்ளைத் தோழன் மாதிரி, என் ரைபிள். அதற்கு மட்டும் கதம்ப மாலை.

“ஒங்களுதுக்கு ஸ்பெஷலா நானே பொட்டு வெச்சேம்மா. போட்டிக்குப் போற சாமான் இல்லியா?” என்றார் ஹெட் கான்ஸ்டபிள், முகமெல்லாம் மலர.

லைசென்ஸை நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்.

“எல்லாம் சரியா இருக்கு. ஆனா இன்னிக்கி எடுக்கக் கூடாதே. நாளைக்கி இன்ஸ்பெக்டர் வந்து மறுபூஜை பண்ணி, பூசணிக்கா ஒடச்சதும் மொத ஆளா ஒங்களுக்குத்தான்.”

“நாளைக்கு எட்டு மணிக்குப் போட்டி!” கத்தியே விட்டேன்.

“நாளைக்கி திங்கக்கெழமை ஆச்சே. ஏழரையிலேந்து ஒம்பது ராகுகாலம். அதுக்கு முன்னாடி அவரு வர மாட்டாரு.” பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “ஏம்மா, ஒங்க வூட்டுல பூஜையில வெச்ச பொஸ்தகத்தை இன்னிக்கி எடுத்துப் படிப்பீங்களா?”

ஓர் எட்டு வைத்தால் கைக்கெட்டும் தூரத்தில் ரைபிள். கையில் சர்க்கார் முத்திரை வைத்த லைசென்ஸ். சட்டம் முழுக்க என் பக்கம். ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு முன்னால்தான் என் கையுறையை நானே அம்மன் காலடியில் வைத்துவிட்டு வந்திருந்தேன். என் பின்னாலேயே வந்திருந்த கணவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு “அவர் சொல்றதும் சரிதானே” என்றார். எனக்கு அழுகை வந்தது. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். ஹெட் கான்ஸ்டபிள் பதறிப்போய் ஒரு தொன்னையில் சுண்டல் கொண்டுவந்து கொடுத்தார். அதையும் தின்றேன். பசித்தது.

திங்கட்கிழமை ஏழு மணிக்கே போய் உட்கார்ந்துவிட்டோம். இன்ஸ்பெக்டர் ராகுகாலம் முடிந்து, வேறு இரண்டு ஸ்டேஷன் பூஜைகளையும் முடித்துக்கொண்டு வந்தார். நிதானமாகத் தீபாராதனை. வாசலில் பூசணிக்காய் சிதறியது. சொன்ன வாக்குப்படி ஹெட் கான்ஸ்டபிள் முதலில் என் ரைபிளைத்தான் இரண்டு கையாலும் தூக்கி வந்தார். பழக்கத்தில் இடது கையை நீட்டினேன்.

“சோத்துக் கையால வாங்குங்கம்மா” என்றார்.

வாங்கினேன்.

ஆட்டோவில் மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு ரேஞ்சுக்குப் போய்ச் சேர்ந்தபோது, சுடும்போது ஏற்றும் சிவப்புக் கொடியை இறக்கிச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். குறி அட்டைகளைக் கழற்றிவிட்டார்கள். மூன்று பெண்களைத் தேர்ந்தெடுத்தாகிவிட்டது. தோட்டாப் பெட்டிக்கும் பூட்டுப் போட்டாயிற்று. “முடிஞ்ச வரைக்கும் உங்களுக்காக இழுத்தடிச்சுப் பாத்தோம்மா” என்றார் செயலாளர். அவரையும் என்னால் கோபித்துக்கொள்ள முடியவில்லை.

ஒரு பாய் மட்டும் இன்னும் சுருட்டாமல் கிடந்தது. கணவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “படுத்துத்தான் பாரேன்” என்றார்.

படுத்தேன். வயிற்றில் ஏதோ இறுக்கம், அல்லது எனக்குத்தான் அப்படித் தோன்றியதோ. கட்டையைக் கன்னத்தில் பதித்துப் பின்பக்கக் குறித்துளையில் கண்ணை வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. ஹெட் கான்ஸ்டபிள் பொட்டு வைப்பதற்கு வட்டமாக ஓர் இடம் தேடியிருக்கிறார். சந்தனமும் குங்குமமும் துளைக்குள் காய்ந்து கெட்டியாக அடைத்திருந்தன. அதைச் சுரண்ட எனக்கு மனம் வரவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்த இருட்டையே குறி பார்த்து, விசையை அழுத்தினேன். தோட்டா இல்லாத ரைபிள் ‘டிக்’ என்றது.

அந்த ரைபிளை நான் கடைசியாகச் சுட்டது அதுதான்.