வெறுங்கையோடு ஒன்பதாம் மாதம்

ஒன்பதாம் மாதம் பிறந்தும் வீட்டில் ஒரு குழந்தைச் சட்டைகூடக் கிடையாது. பந்திங்கிலிருந்து எனக்குத் துணையாக வந்திருந்த அம்மாவின் கட்டளை அது. முதல் பிரசவத்துக்கு ஆசை ஆசையாய் எல்லாம் வாங்கி அடுக்கியிருந்தேன்; பிள்ளை அழாமலே பிறந்து, அப்படியே போய்விட்டது. முன்கூட்டி வாங்கியதுதான் காரணம் என்று அம்மா நம்பினார்.

எனக்கு எரிச்சல்தான் வரும். கிளினிக்கில் மிஸ்ஸி, அதான் நர்ஸ், "பிரசவத்துக்கு பேக் ரெடியா?" என்று கேட்கும்போதெல்லாம் கூசாமல் பொய் சொன்னேன். வலிக்கு நான் பயப்படவில்லை. போன தடவை பிள்ளை வெளியே வந்த பிறகு அந்த அறையில் யாரும் பேசாமல் நின்றார்களே, அதற்குத்தான் பயந்தேன்.

ஒரு மத்தியானம் சாப்பிட்டு உட்கார்ந்தபோது சட்டென்று உறைத்தது. காலையிலிருந்து வயிற்றில் அசைவே இல்லை.

"தூங்குது லா, பேசாம படு" என்றார் அம்மா.

இடது பக்கம் படுத்தேன். ஐஸ் போட்ட சிரப் தண்ணீர் குடித்தேன். தட்டினேன், கெஞ்சினேன், திட்டக்கூடச் செய்தேன். ஒன்றும் இல்லை.

பக்கத்து வீட்டில் சொல்லி டாக்சிக்குப் போன் போடச் செய்துவிட்டு, அம்மா அறைக்குள் போனார். சர்ரென்று துணி கிழியும் சத்தம். எட்டிப் பார்த்தால், தன் பழைய நூல் சேலையைச் சதுரம் சதுரமாகக் கிழித்துக்கொண்டிருந்தார்.

அதுவரை அவர் நம்பிக்கையில் எரிச்சல்பட்ட நான்தான் அலறினேன். "கிழிக்காதீங்கம்மா! இன்னிக்கு வேணாம்!"

"எனக்கும் பயமாத்தான் இருக்கு." அவர் கை நிற்கவில்லை. "அதுக்காக? பிள்ளைய வெறும் உடம்போடயா தூக்கிட்டு வர்றது?"

கிள்ளான் போகும் வழியில், தெலுக் பங்லிமா காராங்கில் தொழிற்சாலை லோரிகளுக்குப் பின்னால் டாக்சி ஊர்ந்தது. நான் வேண்டாத சாமியில்லை. துணிகள் இருந்த பிளாஸ்டிக் பை அம்மாவின் மடியில் இருந்தது.

கிள்ளானில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்ததும், அங்கிருந்த மிஸ்ஸி வயிற்றில் குழலை வைத்துக் காது கொடுத்தார். இடம் மாற்றினார். மறுபடியும் மாற்றினார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இருக்கு" என்றார். "மெதுவாதான் துடிக்குது. டாக்டர் இப்பவே எடுத்துடுவாரு. பேபிக்குத் துணி கொண்டு வந்தீங்களா?"

"கொண்டு வந்திருக்கோம்" என்று அம்மா இரண்டு கையாலும் பையை நீட்டினார். மிஸ்ஸி வாங்கிக்கொண்டு போன பிறகும் கையை மடக்காமல் அப்படியே நின்றார்.